பொம்மைச் செங்கல்லில் ஒரு பாழடைந்த வீடு

நவராத்திரி நெருங்கும்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வரிசையாக முளைத்துவிடும். அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் மந்தைவெளி. மாட்டு மந்தைகள் மேய்ந்த வெளி என்று பெயரே சொல்கிறது. இன்று அங்கே மேயவும் இடமில்லை, வெளியும் இல்லை. வீட்டை ஒட்டி வீடு. அந்த வீடுகளில் கொலுப் படி கட்டுவது பெரியவர்களின் பொறுப்பு. படிக்குப் பக்கத்தில் தரையில் 'பார்க்' கட்டுவதோ பிள்ளைகளின் தனி உரிமை! மலை, குளம், கோயில், ரயில் நிலையம், கிரிக்கெட் மைதானம் எல்லாம் நீங்கள் கட்டிப் பார்த்திருப்பீர்கள். இந்த ஆண்டு வேறொன்று கட்டுவோமா? கூரை விழுந்து, சுவர் பிளந்து, செடியும் கொடியும் மூடிய ஒரு பழைய வீடு.

"பண்டிகை நாளில் பாழடைந்த வீடா?" என்று பாட்டி கேட்கக்கூடும். செஞ்சிக் கோட்டையில் ஒரு மூலை என்று சொல்லிவிடுங்கள். கட்டுவதற்கு ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் பொம்மைச் செங்கற்கள் போதும். ஆனால் ஒரு நிபந்தனை. புது வீட்டை எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். இடிந்த வீட்டை அப்படிக் கட்ட முடியாது. எது முதலில் விழும், எது கடைசிவரை நிற்கும், செடி எங்கே முளைக்கும் என்பதற்கெல்லாம் காரணம் உண்டு. காரணம் தெரியாமல் கட்டினால், குழந்தை தட்டிவிட்ட வீடு போலத்தான் இருக்கும்; காலம் தட்டிவிட்ட வீடு போல இருக்காது.

செங்கல்லும் அளவும்

இன்று நாம் காணும் பொம்மைச் செங்கல்லுக்கு டென்மார்க் நாட்டு லெகோ நிறுவனம் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள். குமிழ் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுக்கமாக நுழைகிறது. பிளாஸ்டிக் சற்றே வளைந்து, மீண்டும் பழைய நிலைக்கு வர முயன்று, குமிழைப் பிடித்துக்கொள்கிறது. பசையில்லாமல் ஒட்டும் இரகசியம் இவ்வளவுதான். ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்ச் செங்கல் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 'செங்கல் போதவில்லை' என்று இனி யாரும் சொல்லாதீர்கள்!

ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ.; ஒரு செங்கல்லின் உயரம் 9.6 மி.மீ. மற்ற நிறுவனங்கள் பலவும் இந்த அளவை ஒட்டியே செய்கின்றன. இந்தச் செங்கற்களோடு வரும் பொம்மை மனிதனின் உயரம் ஏறத்தாழ 4 செ.மீ. நம்மைப் போன்ற ஒருவரின் உயரம் 160 செ.மீ. என்று கொண்டால், நமது மாதிரி நாற்பதில் ஒரு பங்கு. இந்த 40 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

ஒரு குமிழ் அகலமுள்ள சுவர் 8 மி.மீ. கனம். நாற்பதால் பெருக்கினால் 32 செ.மீ. சென்னையில் பழைய வீடுகளின் சுவரை அளந்து பாருங்கள். பதின்மூன்றரை அங்குலம் என்பது கொத்தனார்களின் பழைய கணக்கு. அதாவது ஒன்றரைச் செங்கல் கனம், ஏறத்தாழ 34 செ.மீ. நமது ஒற்றைக் குமிழ்ச் சுவர் அதற்கு மிகவும் நெருங்கி வந்துவிடுகிறது. 12 அடி உயரமுள்ள அறைக்கு 9 அல்லது 10 வரிசை வேண்டும். ஒரு பொம்மைச் செங்கல் ஓர் உண்மைச் செங்கல் அல்ல என்பதையும் கவனியுங்கள். அதன் உயரம் 38 செ.மீ.க்குச் சமம், உண்மைச் சுவரில் அது ஐந்து வரிசைக்கு ஈடு.

எது முதலில் விழும்?

கூரைதான். பழைய சென்னை வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற ஒரு வகை மாடித்தளம் உண்டு. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்கே சட்டங்கள், சட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு வைத்துப் பூசுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். வெயிலைத் தாங்கும், வீடு குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கவனிப்பு வேண்டும். மழைநீர் போகும் துவாரம் சருகால் அடைபட்டால் நீர் தேங்கும். தேங்கிய நீர் மெல்லக் கசிந்து, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகளை நனைக்கும். நனைந்த மரத்தில் பூஞ்சை, பிறகு கரையான். உத்தரத்தின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும்; முனை மட்டும் உளுத்துப்போகும். ஒரு மழை நாளில் மொத்தத் தளமும் அறைக்குள் இறங்கிவிடும்.

எனவே உங்கள் மாதிரியில் தரையைக் காட்டாதீர்கள். அறையின் உள்ளே ஜல்லியும் சுண்ணாம்பும் மரத்துண்டும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருக்க வேண்டும். முழங்கால் என்றால் பொம்மை மனிதனின் முழங்கால். ஒரு செங்கல் உயரம். இந்தக் குவியலை மறக்கவேண்டாம். பின்னால் மரம் முளைக்கப் போவது இதில்தான்.

அடுத்தது கதவும் சன்னலும். இவற்றைக் காலம் கொண்டுபோவதில்லை, மனிதர்கள்தான் கழற்றிக்கொண்டு போகிறார்கள். தேக்குக்கு எப்போதும் விலை உண்டு. நிலையையும் அதன் மேல் உள்ள குறுக்குக் கட்டையையும் எடுத்தால் மேலே உள்ள சுவர் முழுவதும் விழுந்துவிடுமா? விழாது. வாசலுக்கு நேர் மேலே ஒரு முக்கோணப் பகுதி மட்டும் உதிரும். மீதிச் சுவரின் பளு அந்த முக்கோணத்தின் இரு பக்கமாக வழிந்து இறங்கிவிடுகிறது. சுவர் தனக்குத் தானே ஒரு வளைவை அமைத்துக்கொள்கிறது என்று சொல்லலாம். பொறியாளர்கள் வாசல் விட்டத்துக்குக் கனம் கணக்கிடும்போதும் பல சமயம் இந்த முக்கோணத்து எடையை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வாசலுக்கு மேலே படிப்படியாகச் செங்கற்களை எடுத்து ஒரு கூம்பு வடிவ ஓட்டை செய்யுங்கள். பார்ப்பவர்களுக்கு ஏனென்று தெரியாது. ஆனாலும் 'உண்மை போலவே இருக்கிறது' என்பார்கள்.

சுவர்களில் நீளமாகத் தனித்து நிற்பது முதலில் சாயும். மூலைகள் கடைசிவரை நிற்கும். அங்கே இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒரு தாளை நிற்க வைத்துப் பாருங்கள், விழுந்துவிடும். நடுவில் மடித்து நிறுத்தினால் நிற்கும். உடைந்த விளிம்பு நேர்கோடாக இராது. செங்கல்லைவிடக் காரை வலிமை குறைந்தது. விரிசல் காரை வழியே ஓடும். கிடையாக ஓர் அடி, கீழே ஓர் அடி என்று படிக்கட்டுப் போல இறங்கும். செங்கற்களை இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கியிருந்தால் உங்கள் சுவரிலும் இதே படிக்கட்டு தானாக வரும்.

இனி ஒரு கணக்கு. சுவரிலிருந்து எடுத்த செங்கல் எங்கே போனது? அதன் அடியில்தான் கிடக்க வேண்டும். பலர் செய்யும் மாதிரிகளில் பாதிச் சுவர் காணாமல் போயிருக்கும், கீழே நான்கு கல் கிடக்கும். இது கண்ணை உறுத்தும். 40 செங்கற்களை நெருக்கமாக அடுக்கிக் கன அளவைக் கணக்கிடுங்கள். அதே 40-ஐ ஒரு பாத்திரத்தில் கொட்டி, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். கொட்டிய குவியல் கணிசமாகப் பெரிதாக இருக்கும். இடையில் உள்ளது காற்று. இடிந்த சுவரின் குவியல் நாம் நினைப்பதைவிடப் பெரிது என்பது இதனால்தான்.

நிறத்துக்கும் ஒரு குறிப்பு. சுவருக்கு வெள்ளையோ வெளிர் மஞ்சளோ போட்டு, கீழ் மூன்று வரிசையில் மட்டும் ஆங்காங்கே சிவப்புக் கற்களைக் கலந்து வையுங்கள். நிலத்து ஈரம் நுண்புழை ஏற்றத்தால் சுவரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை ஏறும். மந்தைவெளி கடலுக்கு அருகே இருப்பதால் ஈரத்தோடு உப்பும் ஏறும். நீர் ஆவியானதும் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளி உதிர்க்கும். பூச்சு போன இடத்தில் செங்கல் சிவப்பு தெரியும். ஒரு மீட்டர் என்பது நம் அளவில் இரண்டரைச் செங்கல்.

பச்சை எப்படி வந்தது?

மழைக்காலத்தில் சென்னைச் சுவர்களில் கறுப்பாக வழிந்த கறையைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுக்கு என்று நினைக்கிறோம். அதில் பெரும்பங்கு உயிருள்ளது, நீலப்பச்சைப் பாசி. வெயிலில் காய்ந்து கறுத்து, மழை பட்டதும் உயிர்த்தெழும். அதன் மேல் தூசி தங்கும். தூசியில் வெல்வெட் போன்ற பச்சைப் பாசிச் செடி வரும். அதற்கு உண்மையான வேர் கிடையாது. நீரை இலை வழியாகவே உறிஞ்சுகிறது. அது மடிந்து மண்ணாகும். பிறகு பெரணி, புல், குப்பைமேனி, மூக்கிரட்டை, கோவைக் கொடி. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்து வருவதற்கு இடம் தயார் செய்துவிட்டுப் போகிறது.

கடைசியில் வருவது அரசு அல்லது ஆல்; சில சமயம் அத்தியோ இச்சியோ. எல்லாம் ஒரே குடும்பம். ஏன் மாமரம் சுவரில் முளைப்பதில்லை, அரசு மட்டும் முளைக்கிறது? மாங்கொட்டையைக் காக்கை விழுங்க முடியாது. அரசம்பழத்தில் உள்ள விதையோ ஒரு மில்லிமீட்டர் அளவு. காக்கையும் மைனாவும் குயிலும் பழத்தைத் தின்று, கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து எச்சமிடும். விதை சேதமில்லாமல் வெளியே வருகிறது. விரிசலில் விழுந்தால் போதும். கூரைக் குவியலில் விழுந்தால் இன்னும் நல்லது. முதலில் கொஞ்சம் இலை, மிக நீண்ட வேர். மண்ணே இல்லாமல் பனைமரத்தின் மட்டை இடுக்கில் தொடங்கிக் கீழே தரையைத் தேடி வேரை இறக்கும் பழக்கம் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. இதற்குப் பனைமரமும் சுவரும் ஒன்றுதான்.

சுண்ணாம்புக் காரை இவ்வேர்களுக்கு வசதியாக அமைகிறது. சுட்ட சுண்ணாம்பை நீரில் தாளித்துப் பூசினால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. ஆனால் நுண்துளைகள் நிறைந்த கல். ஈரத்தை நீண்ட நேரம் பிடித்து வைக்கும். வேர் விடும் அமிலம் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். சிமெண்டில் இது கடினம். கடினம்தானே தவிர முடியாதது அல்ல! புது அடுக்குமாடிக் கட்டிடங்களில் கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தை ஒருமுறை நோட்டம் விடுங்கள். பக்கிங்காம் கால்வாயை ஒட்டி ஓடும் பறக்கும் ரயில் பாதையின் தூண் இணைப்புகளையும் பாருங்கள்.

மெல்லிய வேர் சுவரைப் பிளப்பது எப்படி? வேர்ச் செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் கரைந்துள்ளன. சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுகிறது, செல் உப்புகிறது. ஜெர்மானியத் தாவரவியலறிஞர் பெஃபர் என்பவர் வளரும் வேரைச் சாந்துக் கட்டிக்குள் வைத்து அது தள்ளும் விசையை அளந்து 1893-இல் வெளியிட்டார். பிற்கால அளவுகளும் சேர்ந்து, 5 முதல் 10 வளிமண்டல அழுத்தம் வரை வேர் கொடுக்கக்கூடும் என்று காட்டுகின்றன. குறைவாக 5 என்றே வைப்போம். அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் எடை. 1 செ.மீ. அகலமான வேர் ஒரு விரிசலில் 3 மீட்டர் நீளம் ஓடினால் பரப்பு 300 சதுர செ.மீ. ஐந்தால் பெருக்குங்கள். ஒன்றரை டன்! அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு சோதனை செய்யுங்கள். பொம்மைச் செங்கல்லில் நான்கு வரிசை உயரத்துக்கு ஒரு சிறிய பெட்டி கட்டுங்கள். காய்ந்த கொண்டைக்கடலையைத் தட்டித் தட்டி விளிம்புவரை நிரப்பி, தட்டைக் கல்லால் மூடி அழுத்துங்கள். பெட்டியை ஒரு பாத்திரத்து நீரில் முழுக வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மூடி கிளம்பியிருக்கும். சில சமயம் பக்கச் சுவரே பிளந்திருக்கும். இது விதை நீரை உறிஞ்சி ஊதுவது, வேர் வளர்வது அல்ல. என்றாலும் நீர் தரும் தள்ளுவிசை எப்படிப்பட்டது என்பதைக் கண்ணால் காணலாம். கடலையைப் பிறகு சுண்டலுக்குத் தர நினைக்காதீர்கள்!

மரமா, சுவரா?

இதைப் பெரிய அளவில் காண வேண்டுமானால் கப்பலேறி அந்தமான் போகவேண்டும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு எதிரே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ராஸ் தீவு என்று பெயர். 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆயிற்று. அந்தமானை ஆண்ட ஆங்கிலேயரின் தலைமையிடம் அதுதான். மாளிகை, தேவாலயம், ரொட்டிக்கடை எல்லாம் இருந்தன. 1941 ஜூன் 26 அன்று பெரும் நிலநடுக்கம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்துவிட்டனர். பழைய குடிகள் திரும்பவில்லை. கூரைகள் விழுந்தன, அத்திக் குடும்பத்து மரங்கள் சுவரில் ஏறின. இன்று சுவரைப் பாம்பு போல வேர்கள் சுற்றியிருக்கின்றன. சுவர் இல்லாமல் மரம் நிற்குமா, மரம் இல்லாமல் சுவர் நிற்குமா என்று சொல்ல முடியாத நிலை.

இந்தக் கேள்வி வெறும் வேடிக்கையல்ல. கம்போடியாவில் 1186-இல் ஏழாம் ஜயவர்மன் எழுப்பிய தா ப்ரோம் கோயிலில் மரங்கள் கல் கூரைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் மற்றக் கோயில்களைச் சீர்செய்தபோது இதைப் பெரும்பாலும் காடு மூடிய நிலையிலேயே விட்டுவைத்தார்கள். பிற்பாடு நமது இந்தியத் தொல்லியல் துறை அங்கே பழுது பார்க்கும் வேலையில் ஈடுபட்டது. வேரை வெட்டினால் என்ன ஆகும்? உயிருள்ளவரை அது கற்களை இறுக்கிப் பிடித்திருந்தது. செத்து மக்கினால் அந்த இடம் வெற்றிடம், கற்கள் நெகிழும். வெட்டாவிட்டாலோ மரம் பருக்கும், புயலில் ஆடும், விழும்போது சுவரையும் இழுத்துக்கொண்டு விழும். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு. ஆகவே ஒவ்வொரு மரமாகப் பார்த்து, இதை விடலாம், இதற்கு முட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. இரண்டு இலை விட்ட நிலையிலேயே வேரோடு எடுத்துவிட்டு விரிசலை அடைத்துவிட வேண்டும். மேலே கிள்ளிவிட்டுப் போனால் அடுத்த மழையில் இரண்டு கிளையாக வரும். பெரிய செடியை நீங்களாக இழுக்கக் கூடாது. கல்லும் சேர்ந்து வரும். இடிந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். தெருவிலிருந்தே பார்த்து வரைந்துகொள்ளுங்கள். அதையும் சீக்கிரம் செய்யுங்கள். மந்தைவெளியில் ஒரு பழைய வீடு பூட்டிக் கிடந்தால் அரசு முளைத்து மரமாகும்வரை யாரும் காத்திருப்பதில்லை, அடுக்குமாடி வந்துவிடுகிறது.

கொலுவில் விதைப்பு

செடிகளையும் பிளாஸ்டிக்கில் செய்யலாம். லெகோவின் இலை, செடி, மரத் துண்டுகள் 2018 முதல் கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருளால் ஆன பிளாஸ்டிக்கில் வருகின்றன. செடியிலிருந்து பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கிலிருந்து செடி! ஆனால் எனக்குக் கேட்டால், சுவர் பிளாஸ்டிக்காகவும் பச்சை உயிருள்ளதாகவும் இருப்பதே அழகு. கொலு பார்க்குகளில் கடுகும் கேழ்வரகும் விதைப்பது நம் வீடுகளில் பழகிய வழக்கம்தானே.

ஒரு பெரிய தாம்பாளத்தில் விரல்கனம் மண் பரப்பி அதன் மேல் வீட்டைக் கட்டுங்கள். குவியல்களின் இடுக்கிலும் சுவர் விளிம்பிலும் மண்ணைத் தூவுங்கள். கொலு வைக்கும் அமாவாசையன்று, இரவு முழுவதும் ஊறிய கடுகையும் கேழ்வரகையும் தூவித் தண்ணீர் தெளியுங்கள். ஊற்றாதீர்கள். முதல் நாள் வெறும் சுவர். மூன்றாம் நாள் பச்சைப் புள்ளிகள். விஜயதசமிக்குள் கடுகு 5 செ.மீ. வரும், நாற்பதால் பெருக்கினால் இரண்டு மீட்டர் உயரப் புதர்! கேழ்வரகு, நாணற்காடு. மாடிச் சுவரில் சுரண்டி எடுத்த பாசித் திட்டு, குட்டைச் செடி. விழுதுகளுக்குத் தேங்காய் நாரை முறுக்கிச் சுவரில் வழியவிடுங்கள். அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடு அடிமரம் 1989-இல் புயல்காற்றில் சாய்ந்தபின்னும், விழுதுகள் ஊன்றி மரம் நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து முறுக்கினால் நார் சரியாக அமையும்.

கூடத்து மூலையில் வெளிச்சம் குறைவு. நாற்றுகள் வெளிறி, நெட்டையாகி, சன்னல் பக்கம் சாயும். தண்டின் நிழல் பக்கத்தில் வளர்ச்சி ஊக்கி அதிகம் சேர்ந்து அந்தப் பக்கம் விரைவாக நீள்வதால் வரும் சாய்வு அது. தாம்பாளத்தைத் தினமும் அரைவட்டம் திருப்பி வைத்தால் நேராக நிற்கும். திருப்பாமல் விட்டு, ஒரே பக்கம் காற்றடித்த காடு போலக் காட்டுவதும் ஓர் உத்திதான். குத்துவிளக்கைத் தள்ளி வையுங்கள். இந்தப் பிளாஸ்டிக் தீப்பற்றும். குளம் வைத்தால் இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். கொலுவுக்கும் அதே கணக்கு.

பத்தாம் நாள் பிரிக்கும்போது அவசரப்படாதீர்கள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இறுக்கமாகப் பொருத்திய இணைப்பில் வேர் நுழைந்திருக்கிறதா, தளர்வாக வைத்ததில் நுழைந்திருக்கிறதா என்று நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு கற்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர் கூடாது, குமிழ்கள் வடிவம் மாறிவிட்டால் அடுத்த ஆண்டு பொருந்தாது.